முகப்பைக் காலி செய்தால் ஏன் இவ்வளவு கோபம்?

கேள்வி: ஓர் இணையதளம் தன் முகப்புப் பக்கத்தில் இருந்த லிங்க், மெனு, பெட்டிகளையெல்லாம் குறைத்து எளிமையாக, வெள்ளையாக மாற்றினால் உடனே பயனர்கள் திட்டித் தீர்க்கிறார்கள். வடிவமைத்தவர்களோ "ரெண்டு வாரத்துல பழகிடும்" என்கிறார்கள். யார் சொல்வது சரி? இந்தப் புகார்களை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்:

இரண்டு பக்கமும் பாதி சரி. பழகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் எல்லாம் பழகாது. வருகிற புகார்களில் இரண்டு வகை கலந்து கிடக்கும். "வைத்த இடத்தில் காணோம்" என்பது ஒன்று. "எனக்கு வேண்டியது இப்போது இல்லவே இல்லை" என்பது இன்னொன்று. முதலாவது தானாக அடங்கும். இரண்டாவது அடங்காது, அடங்கியதுபோல் தெரிந்தால் அந்த ஆள் வருவதையே நிறுத்திவிட்டார் என்றுதான் பொருள். சிக்கல் என்னவென்றால், கேட்கும்போது இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும்: "பழையதே தேவலை, மாத்துங்க."

காலி முகப்பு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கூகுள். அங்கிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் பயனர்கள் காலிப் பக்கத்தை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதன் மொத்த வரலாறும் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. 1998-இல் அது காலியாக இருந்ததற்குப் பெரிய அழகியல் கொள்கை எதுவும் காரணமில்லை. பக்கம் வடிவமைக்க அவர்களிடம் ஆள் இல்லை, நிறுவனர்களுக்கு எச்டிஎம்எல் (வலைப்பக்கம் எழுதும் குறியீட்டு மொழி) எழுதிக்கொண்டிருக்க ஆர்வமும் இல்லை. லோகோ, ஒரு பெட்டி, இரண்டு பட்டன்; முடிந்தது. அதே காலத்தில் யாஹூ, எக்சைட் போன்றவற்றின் முகப்பு சந்தைக்கடை மாதிரி இருக்கும். செய்தி, வானிலை, பங்கு விலை, ராசிபலன், நடுநடுவே மின்னுகிற விளம்பரம்.

கூகுளின் தொடக்கக்கால ஊழியர் மரிசா மேயர் பிற்பாடு பல இடங்களில் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் சிலரை உட்காரவைத்து, கூகுளுக்குப் போய் ஒரு கேள்விக்கு விடை தேடச் சொன்னார்கள். முகவரியைத் தட்டினார்கள், பக்கம் வந்தது. வந்தபின் யாரும் எதுவும் செய்யவில்லை. திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். 15 நொடி, 20 நொடி, முக்கால் நிமிடம்கூட ஓடியிருக்கிறது. "என்ன பார்க்கிறீங்க?" என்று கேட்டால், "மீதிப் பக்கம் வரட்டும்னு" என்று பதில். பக்கம் இவ்வளவுதான் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அன்றைய இணைய வேகத்தில் பக்கங்கள் துண்டு துண்டாகத்தான் வரும், அதனால் அவர்கள் நினைத்ததில் தப்பும் இல்லை. இதற்குக் கூகுள் செய்த வைத்தியம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு காப்புரிமை வரி. சட்டத்துக்காக வைத்ததல்ல, "பக்கம் இத்தோடு முடிந்தது, தட்டலாம்" என்று காட்டுவதற்காக வைத்தது.

எளிமையான முகப்புக்குப் பயனர் தந்த முதல் எதிர்வினை பாராட்டும் இல்லை, கோபமும் இல்லை. குழப்பம். இன்றைக்கும் புது முகப்பு போட்டவுடன் "பக்கம் முழுசா வரலையே, சர்வர்ல பிரச்சினையா?" என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டு விடாதீர்கள். வருகிற புகார்களிலேயே மிகப் பயனுள்ளது அதுதான். பக்கம் முடிந்ததும், எங்கே தொடங்குவது என்பதும் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

அதே மேயர் சொன்ன இன்னொரு கதை. ஒருவர் அவ்வப்போது கூகுளுக்கு மின்னஞ்சல் அனுப்புவார். உள்ளே வெறும் ஓர் எண் மட்டும் இருக்கும். 13, 33, 53 என்று. யார், என்ன என்று புரியாமல் எரிச்சல்தான் வந்ததாம். ஒரு நாள் 61 என்று எழுதி, கொஞ்சம் கனமாகிறதே என்று ஒரு குத்தலும் சேர்த்து வந்தது. அப்போதுதான் பிடிபட்டது: முகப்பில் மொத்தம் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். அதன்பின் சொற்களைக் குறைத்து 28-க்குக் கொண்டுவந்தார்கள். 2008 ஜூலையில் தனியுரிமைக் கொள்கைக்கான இணைப்பை முகப்பில் சேர்க்கவேண்டி வந்தபோது, கீழே இருந்த காப்புரிமை வரியிலிருந்து 'கூகுள்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 28-ஐக் காப்பாற்றினார்கள். ஒரு சொல் உள்ளே வந்தால் ஒரு சொல் வெளியே போகவேண்டும்.

இந்த அளவு கறாரான பக்கத்திலும் எதை விட்டுவைத்தார்கள் என்று பாருங்கள். இந்தியாவில் கூகுள் முகப்பைத் திறந்தால் பெட்டிக்குக் கீழே இந்தி, வங்காளம், தெலுங்கு, மராத்தி, தமிழ், குஜராத்தி, கன்னடம், மலையாளம், பஞ்சாபி என்று ஒன்பது மொழிப் பெயர்கள் ஒரு வரியில் நிற்கும். இலங்கையில் சிங்களமும் தமிழும். அந்த வரியை எடுத்தால் பக்கம் இன்னும் சுத்தமாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை. 'ஐ'ம் ஃபீலிங் லக்கி' பட்டனும் அப்படியே. தேடல்களில் நூற்றில் ஒன்றுதான் அதன் வழியாகப் போகிறது என்று கூகுள் நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின்னே 2007-இல் சொல்லியிருக்கிறார். அதை அழுத்தினால் நேரே முதல் தளத்துக்குப் போய்விடும், விளம்பரம் கண்ணில் படாது, கூகுளுக்கு நஷ்டம்தான். ஆனாலும் வைத்திருந்தார்கள். எளிமை என்றால் குறைவாகப் பயன்படுவதையெல்லாம் வெட்டுவது என்று எண்ணிக்கொண்டு கத்தரியோடு கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் 2009 டிசம்பர். கூகுள் முகப்பை இன்னும் காலியாக்கியது. பக்கம் திறக்கும்போது லோகோ, பெட்டி, பட்டன்கள் மட்டும். மவுஸை அசைத்தால்தான் மேலே இருக்கும் மற்ற லிங்க்குகள் மெல்லத் தோன்றும். இதைப் பல வடிவங்களில் சோதித்துப் பார்த்தபோது, பயனர்கள் முதல் காரியத்தைச் செய்ய எடுத்துக்கொள்ளும் நேரம் கூடியிருந்தது. வேகத்தை வைத்தே பெயர் வாங்கிய நிறுவனத்துக்கு அது கவலை. பிறகு அவர்கள் யோசித்தது: புதிதாக ஒன்று தெரிந்தால் ஆள் ஒரு கணம் நின்று பார்க்கத்தான் செய்வான், அது மாற்றத்தைக் கவனித்ததன் அடையாளம். பெரிய ரகளை எதுவும் நடக்கவில்லை. ஏன்? தேட வந்தவனுக்குப் பெட்டி அதே இடத்தில் இருந்தது. மறைந்த லிங்க் வேண்டும் என்றால் மவுஸை நகர்த்தித்தான் ஆகவேண்டும், நகர்த்தினாலே அது வந்துவிடும். கை பழகிய வழியில் எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, 2010 ஜூன் 10 அன்று, நேர் எதிராக ஒன்று செய்தார்கள். முகப்பின் பின்னணியில் டேல் சிஹுலி, ஜெஃப் கூன்ஸ் போன்ற கலைஞர்களின் படைப்புகளைப் பெரிய படமாகப் போட்டார்கள். 24 மணி நேரம் இருக்கும் என்று திட்டம். ஒரு கோளாறினால், இது ஏன் என்று விளக்கும் இணைப்பு பலருக்குத் தெரியவில்லை. 'கூகுள் பின்னணியை நீக்குவது எப்படி' என்பது அன்று அதிகம் தேடப்பட்டவற்றில் ஒன்றாகிவிட்டது, அதுவும் கூகுளிலேயே! சுமார் 14 மணி நேரத்தில் படத்தை எடுத்துவிட்டார்கள்.

காலியாக்கியபோது அமைதி, நிரப்பியபோது ரகளை. ஆக, கோபம் வெள்ளைத் திரையின்மீது என்று நினைப்பது சரியில்லை. தினமும் பத்துத் தடவை திறக்கிற பக்கத்தை யாரும் வாசிப்பதில்லை. கண் ஓர் இடத்தில் போய் நிற்கும், கை தானாக க்ளிக் செய்யும். முகப்பை மாற்றியவுடன் நேற்றுவரை கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்தவர் இன்றைக்குப் புது ஆள் ஆகிவிடுகிறார். அவருக்கு ஆன இந்த நஷ்டம் கண்ணெதிரே இருக்கிறது. நீங்கள் சொல்லும் லாபம் எப்போதோ வரப்போவது. இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் பணத்தை வைத்து எழுதினார்கள். அது முகப்புப் பக்கத்துக்கும் அச்சாகப் பொருந்துகிறது.

இணையப் பயன்பாட்டை நெடுங்காலம் ஆராய்ந்த ஜாரெட் ஸ்பூல், ஏலத் தளமான ஈபே பற்றிச் சொல்லும் கதை இந்தத் துறையில் எல்லோர் வாயிலும் புரளும் ஒன்று. ஈபேயின் சில பக்கங்களுக்கு மஞ்சள் பின்னணி இருந்தது. ஒரு நாள் அதை வெள்ளையாக்கினார்கள். புகார் குவிந்தது, மஞ்சளையே திரும்பப் போட்டார்கள். பிறகு அந்த மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல மாதங்களாக வெளுக்கவிட்டு, கடைசியில் வெள்ளைக்கே கொண்டுவந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. வடிவமைப்பாளர்கள் "பழகிடும்" என்பது இந்த வகைக்குச் சரியாகவே பொருந்தும். நிறம், இடைவெளி, எழுத்தின் அளவு, பட்டனின் வடிவம் எல்லாம் இதில் அடக்கம்.

இப்போது பழகாத வகைக்கு வருவோம்.

ஸ்லாஷ்டாட் என்று ஒரு தொழில்நுட்பச் செய்தித் தளம், 1997-இலிருந்து இருக்கிறது. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் செய்திக்காக வருவதில்லை, அடியில் நடக்கும் விவாதத்துக்காக வருவார்கள். பழைய முகப்பு எழுத்து நெருக்கமாக, அழகு என்று சொல்லமுடியாதபடி இருக்கும். அதற்குப் பதிலாகப் பெரிய படங்கள், நிறைய காலி இடம் என்று ஒரு 'பீட்டா', அதாவது சோதனை வடிவம் தயாரித்தார்கள். 2014 பிப்ரவரியில் வருகிறவர்களில் ஒரு பகுதியைக் கேட்காமலே அதற்குத் திருப்பிவிட்டார்கள். வெடித்தது. பிப்ரவரி 10 முதல் 17 வரை ஒரு வாரம் தளத்துக்கே வரமாட்டோம் என்று பழைய வாசகர்கள் புறக்கணிப்பு நடத்தினார்கள். "காலி இடம் அதிகம்" என்பதுதான் சத்தமாகக் கேட்ட புகார். ஆனால் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் உள்ளே இருந்தது வேறு. விவாதத்தை வடிகட்டிப் படிக்க உதவிய வசதிகள் புதியதில் சரியாக இல்லை, ஒரு திரையில் நாலு கருத்து தெரிந்த இடத்தில் ஒன்றுதான் தெரிந்தது, எதற்காக வந்தோமோ அது ஓரத்துக்குப் போய்விட்டது. இதற்கு எத்தனை மாதம் கொடுத்தாலும் பழகாது. கடைசியில் பீட்டாவைக் கைவிட்டார்கள்.

இதைவிட நுணுக்கமான விஷயம் விக்கிப்பீடியாவில் நடந்தது. 2023 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியாவின் கணினித் தோற்றம் மாறியது. பத்தாண்டுக்கும் மேல் கழித்து நடந்த பெரிய மாற்றம். வரிகளின் அகலத்தைக் குறைத்தார்கள், பக்கவாட்டு மெனுவை மடித்துவைத்தார்கள். பெரிய மானிட்டர் வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள்: "காசு கொடுத்து அகலத் திரை வாங்கினால் ரெண்டு பக்கமும் வெள்ளையா விட்டுட்டீங்களே." வரி ரொம்ப நீளமானால் அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தவறவிடும், அதனால் குறைத்தோம் என்றார்கள் செய்தவர்கள். காரணம் நியாயமானதுதான். ஆனாலும் முழு அகலத்துக்கு மாற்றிக்கொள்ள ஒரு பட்டனையும் மூலையில் வைத்தார்கள். பழைய தோற்றத்துக்கே திரும்புவோமா என்று தொகுப்பாளர்கள் மத்தியில் பெரிய விவாதம் ஓடியது. புதிய தோற்றம் நிலைத்தது. இன்று அந்த வெள்ளையைப் பற்றிப் பேச்சு அதிகம் இல்லை.

எனக்குப் பட்ட குறை வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் பற்றி அவ்வளவு சத்தம் எழவில்லை. முன்பு ஆங்கிலக் கட்டுரையின் இடப்பக்கத்தில், அதே கட்டுரை இருக்கும் மற்ற மொழிகளின் பெயர்கள் கீழே வரிசையாக நிற்கும். ஏதோ ஒரு பூச்சியைப் பற்றியோ சோழர் கால ஊர் ஒன்றைப் பற்றியோ ஆங்கிலத்தில் படித்துக்கொண்டே ஸ்க்ரோல் செய்யும்போது, அந்த வரிசையில் 'தமிழ்' என்று தமிழ் எழுத்திலேயே கண்ணில் படும். தேடாமலே தெரியும்: ஓ, இதற்குத் தமிழிலும் கட்டுரை இருக்கிறதா! புதிய தோற்றத்தில் அந்த வரிசை தலைப்புக்கு எதிரே ஒரு பட்டனுக்குள் போய்விட்டது. பட்டனில் எத்தனை மொழிகள் என்ற எண்ணிக்கை மட்டும் இருக்கும். அழுத்தினால்தான் தமிழ் இருக்கிறதா இல்லையா என்று தெரியும். செய்தவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு: மொழி மாற்ற வருகிறவருக்கு ஓரத்தில் கீழே கிடந்ததைவிட மேலே தலைப்பருகில் இருப்பது எளிது. ஆனால் தமிழ்க் கட்டுரை இருக்கிறது என்றே அறியாதவர் அந்தப் பட்டனை எதற்கு அழுத்தப்போகிறார்? தெரியாமல் போனதைப் பற்றி அவர் எப்படிப் புகார் செய்வார்? வெள்ளை இடத்துக்கு வந்த புகார் மலையளவு. இதற்கு வந்தது மிகக் குறைவு. சத்தத்தை வைத்து எடைபோட்டால் இப்படித்தான் தவறும்.

மூன்று கோடு பட்டன் கதையும் இதேதான். முகப்பைச் சுத்தமாக்குகிறேன் என்று மேல் மெனு முழுவதையும் அந்த மூன்று கோட்டுக்குள் திணிப்பது இப்போது வழக்கம். மொபைலில் இடம் இல்லை, வேறு வழியில்லை. அதே பக்கத்தைக் கணினிக்கு இழுத்து நீட்டி, பத்து மெனுவுக்கு இடம் இருக்கும் திரையிலும் அதே மூன்று கோட்டை வைப்பதை என்னால் எப்படியும் நியாயப்படுத்த முடியவில்லை. இணையப் பயன்பாட்டை ஆராயும் நீல்சன் நார்மன் குழுவினர் 2016-இல் இதைச் சோதித்தார்கள். கணினியில், மறைத்துவைத்த மெனுவைப் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு 27 பேர். வெளியே தெரிந்தபோது ஏறக்குறைய பாதிப் பேர் பயன்படுத்தினார்கள்.

பணக்கணக்கில் இது எப்படி வந்து விழும் என்பதற்கு பிரிட்டனின் சில்லறை விற்பனை நிறுவனம் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் ஓர் உதாரணம். 2014 பிப்ரவரியில் சுமார் 15 கோடி பவுண்டு செலவில் புதுத் தளம். பத்திரிகை போன்ற பெரிய படங்கள், கட்டுரைகள், பார்க்க நேர்த்தி. பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் மறுபடி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் வைத்தார்கள். ஜூன் வரையிலான காலாண்டில் இணைய விற்பனை 8.1 சதவீதம் சரிந்தது. சட்டை வாங்க வந்தவரிடம் சட்டையைக் காட்டுவதற்கு முன்னால் படிவத்தை நீட்டினால் அவர் என்ன செய்வார்?

சரி, உங்கள் கையில் நூறு புகார் இருக்கிறது, எப்படிப் பிரிப்பது? நான் கடைப்பிடிக்கிற வழி எளிது. "அசிங்கம்", "வெறிச்சுனு இருக்கு", "உயிரே இல்ல" என்று மட்டும் இருந்தால் அந்தப் புகாரை ஒரு மாதம் தள்ளிவைக்கலாம். புகாரில் ஒரு பொருளின் பெயர் இருந்தால், "கட்டணம் கட்டுற லிங்க்", "தேர்வு முடிவு", "கிளை முகவரி", "நேற்றைய இதழ்" என்று எதாவது இருந்தால், அன்றைக்கே போய்ப் பாருங்கள். அந்தப் பொருளைப் புது ஆள் ஒருவரிடம் தேடச் சொல்லிப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். வாயை மூடுவதுதான் இதில் கஷ்டம்.

புகார்களைவிட நம்பகமான சாட்சி உங்கள் தளத்தின் தேடல் பெட்டி. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மக்கள் அதில் என்ன தட்டினார்கள் என்று எடுத்துப் பாருங்கள். முன்பு யாரும் தேடாத 'லாகின்', 'தொடர்பு எண்', 'விண்ணப்பம்' போன்றவை திடீரென மேலே வந்திருந்தால், அவை முகப்பில் இருந்தவை, நீங்கள் எடுத்தவை. தொலைபேசியில் வரும் விசாரணைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் போன் எடுக்கிறவருக்கு, வடிவமைத்தவருக்குத் தெரியாத பல விஷயம் தெரியும். அவரை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை.

இன்னொரு கண்கட்டு: புதிதாக வருகிறவர்களுக்கு எளிய முகப்பு பெரும்பாலும் பிடிக்கும், ஏனென்றால் அவர்களுக்கு இழக்க எதுவும் இல்லை. தினமும் வருகிறவர்களுக்குப் பிடிக்காது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று வரும். தனித்தனியாகப் பாருங்கள். மாற்றிய முதல் வாரத்து எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள். பழகும் வேலை அந்த வாரத்தில்தான் நடக்கிறது. இரண்டு மாதம் கழித்தும் பழைய வாடிக்கையாளர் அதே வேலையை முடிக்க முன்பைவிடக் கூடுதல் க்ளிக் செய்கிறார் என்றால், தவறு வடிவமைப்பில் இருக்கிறது.

பழைய வடிவத்துக்குத் திரும்ப ஒரு பட்டன் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வைத்தால் கோபம் உடனே தணியும். விவாதத் தளமான ரெடிட் 2018-இல் புதிய தோற்றத்தைக் கொண்டுவந்தபோது பழையதைத் தனி முகவரியில் விட்டுவைத்தது. இன்றும் அது திறக்கிறது, அதை மட்டுமே பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது பெரிய நிறுவனம். இரண்டு பேர் நடத்தும் தளத்தில் இரண்டு முகப்பை வைத்துப் பராமரித்தால் ஆறாவது மாதம் இரண்டுமே உடைந்திருக்கும். ஜிமெயில் 2011-இல் செய்தது நமக்கு ஒத்துவரும். புதிய தோற்றத்தில் வரிகளுக்கிடையே காலி இடம் அதிகம், ஒரு திரையில் தெரியும் மின்னஞ்சல்கள் குறைவு. அங்கே நெருக்கத்தை நீங்களே தேர்ந்துகொள்ளலாம் என்று மூன்று அளவு கொடுத்தார்கள். பக்கம் ஒன்றுதான், இடைவெளி மட்டும் மாறும். அதைக்கூடச் செய்ய வசதி இல்லையென்றால், அதிகம் பயன்பட்ட நாலைந்து பழைய லிங்க்குகளை முகப்பிலேயே எழுத்தாக, அதே பெயரில், முடிந்தவரை அதே பக்கவாட்டில் வைத்துவிட்டு மற்றதைக் காலியாக விடுங்கள். எந்த நாலைந்து என்பதற்கு, முன்னே சொன்ன தேடல் பெட்டியைப் பாருங்கள்.